"ஒண்ணும் ஆகாது மாமா!"

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துப்பாக்கியைப் பற்றிப் பேச எனக்கு எந்தத் தகுதியும் கிடையாது. பி.காம். படித்து, பரீட்சை எழுதி, வங்கியில் சேர்ந்து, ஊர் ஊராக மாற்றலாகி, இப்போது புனேயில் குப்பை கொட்டிக்கொண்டிருக்கிற சாத்தூர்க்காரன். எங்கள் கிளை வாசலில் நிற்கும் காவலாளியின் இரட்டைக்குழல் துப்பாக்கிதான் நான் தினமும் பார்க்கிற ஒரே ஆயுதம். அதையும் தொட்டுப் பார்த்ததில்லை.

இருந்தாலும் இன்றைக்குத் தோட்டாவைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். கொஞ்சம் கோபத்தோடுதான். பாதிக் கோபம் நம் பிள்ளைகள் மேல். மீதி என் மேலேயே.

கடந்த நவம்பரில் நானும் வீட்டம்மாவும் மூன்று வாரம் டெக்சாஸில் இருந்தோம். அக்கா மகன் அங்கே பொட்டி தட்டுகிறான். ஒரு சனிக்கிழமை காலை, "மாமா, இன்னிக்கு உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸ்" என்று காரில் ஏற்றினான். ஒரு மணி நேர ஓட்டம். யாரோ தெரிந்தவருடைய பண்ணை நிலம். அங்கே ஐந்து பையன்கள், எல்லாம் நம்ம ஆட்கள். கோயம்புத்தூர், திருச்சி, ஒருவன் நம்ம கோவில்பட்டி. இரண்டு ரைஃபிள், நாலைந்து பெட்டி தோட்டா. ஒரு ஐம்பது அடி தள்ளி, இரும்புச் சட்டத்தில் சங்கிலி போட்டு ஒரு வட்டமான உருக்குத் தகடு தொங்குகிறது. சுட்டால் கோயில் மணி மாதிரி 'டங்' என்கிறது. அந்தச் சத்தத்தில்தான் மயக்கமே. காகிதத்தில் ஓட்டை போடுவதில் அந்த சுகம் கிடையாதாம்.

தகட்டின் அருகில் போய்ப் பார்த்தேன். அம்மை விழுந்த முகம் மாதிரி குழி குழியாக இருந்தது. பெட்டியைப் பார்த்தேன். ஒரு பெட்டியில் குண்டின் முனையெல்லாம் பச்சை. இன்னொன்று கண்காட்சியில் மலிவாக வாங்கிய பழைய ராணுவச் சரக்கு. "டேய், இதை வச்சு அந்தத் தகட்டுல சுடலாமா? என்னன்னு பாத்து வாங்கினீங்களா?" என்று கேட்டேன். சத்தியமாகக் கேட்டேன்.

"ஒண்ணும் ஆகாது மாமா. எல்லாரும் சுடுறதுதான்."

நான் வாயை மூடிக்கொண்டேன்.

அரை மணி நேரத்தில், பின்னால் நின்று கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்த பையன் "ஆ" என்று கன்னத்தைப் பிடித்தான். விரலிடுக்கில் ரத்தம். தகட்டிலிருந்து திரும்பி வந்த அரிசி அளவு துணுக்கு. கண்ணுக்கு ஒரு அங்குலம் கீழே. மூன்று தையல். சுட்டவன் பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்தான். வேடிக்கை பார்த்தவன் போடவில்லை. ஒரு அங்குலம் மேலே வந்திருந்தால், தஞ்சாவூர்ப் பக்கம் இருக்கிற அவன் அம்மாவுக்கு யார் போன் பண்ணுவது? நானா?

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக எங்கள் குடியிருப்பில் இருக்கும் அண்ணாச்சியைப் பிடித்தேன். திருநெல்வேலிக்காரர். கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1869ல் தொடங்கிய தொழிற்சாலை அது. கதையைக் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "காந்தம் வச்சுப் பாத்தானுவளா?"

அவர் சொன்னதையும், அதன் பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்து எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன்.

சாதாரண ரைஃபிள் குண்டு என்பது ஈயம். மேலே மெல்லிய செம்பு உறை. கடினமான உருக்குத் தகட்டில் அது மோதினால் சிதறித் தூளாகி, தகட்டின் பரப்பை ஒட்டியே நாலா பக்கமும் தெறிக்கும். சுவரில் எறிந்த தக்காளி மாதிரி. சுட்டவனை நோக்கித் திரும்பி வருவது குறைவு. இதற்கென்றே விற்கிற தகடு ஏ.ஆர்.500 ரக உருக்கு. பிரினெல் அளவில் அதன் கடினம் 500 வாக்கில். கிரில் கடையில் கிடைக்கும் சாதாரண இரும்பு இதில் கால் பங்குதான் தேறும். தகட்டைக் கொஞ்சம் முன்பக்கம் சாய்த்துத் தொங்கவிடுவது, சிதறல் தரையைப் பார்த்துப் போகட்டும் என்பதற்காக. ரைஃபிளுக்குக் குறைந்தது 100 கெஜம் தள்ளி நிற்கச் சொல்கிறார்கள். நம் பிள்ளைகள் நின்றது அதில் ஆறில் ஒரு பங்கு தூரம்!

இந்த ஏற்பாடெல்லாம் ஒரே ஒரு நம்பிக்கையில் நிற்கிறது: குண்டு உடையும், தகடு உடையாது. குண்டுக்குள்ளே உருக்கு இருந்தால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். உருக்கு ஈயம் மாதிரி நசுங்காது. ஒன்று, தகட்டில் குழி பறிக்கும். இல்லையென்றால் கெட்டியான ஒரே துண்டாகத் தெறித்து, எங்கே போகும் என்று சொல்ல முடியாதபடி போகும்.

இதில் குழிதான் ரொம்ப மோசம். குழி விழுந்த தகட்டில் அடுத்து வருகிற நல்ல ஈயக் குண்டு மோதினால்கூட, சிதறல் பக்கவாட்டில் போகாமல் குழியின் வளைவில் வழுக்கிச் சுட்டவனை நோக்கித் திரும்பும். அதாவது நேற்று ஒருவன் சுட்ட உருக்குக் குண்டுக்கு இன்று வேறொருவன் கன்னம் கிழியும். வங்கிக்காரர்களுக்கு இது உடனே புரியும். முந்தின மேனேஜர் கொடுத்துவிட்டுப் போன கடன், நம் காலத்தில் வாராக்கடனாகிறது இல்லையா? அதே கதைதான். அன்றைக்குத் திரும்பி வந்தது பச்சை முனைத் துணுக்கா, பழைய குழியில் பட்ட ஈயமா என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டுமே உருக்குக் குண்டின் கைங்கரியமாக இருக்கலாம்.

சரி, காந்தத்துக்கு வருவோம். பாதிப் பேர் குழம்புகிற இடம் இதுதான். ஒரு தோட்டாவில் உருக்கு மூன்று இடங்களில் இருக்கலாம் என்று அண்ணாச்சி விரல் விட்டுச் சொன்னார்.

ஒன்று, மருந்து இருக்கும் கூடு. பித்தளைக்குப் பதில் இரும்பில் செய்திருப்பார்கள். சுட்டதும் அது துப்பாக்கியின் பக்கத்திலேயே விழுந்துவிடும். தகட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆகவே காந்தத்தைக் கூட்டில் வைத்துப் பார்ப்பது வெட்டி வேலை. குண்டின் முனையில் வைக்க வேண்டும்.

இரண்டு, குண்டின் மேலுறை. மலிவான ரஷ்யத் தோட்டாக்கள் பலவற்றில் உறை மெல்லிய இரும்பு. மேலே செம்புப் பூச்சு. உள்ளே ஈயம்தான். ஆனாலும் காந்தம் ஒட்டும்.

மூன்று, நடுவிலே இருக்கிற உருக்கு. ஸ்டீல் கோர் என்பது இதைத்தான். 1943ல் சோவியத் நாட்டில் உருவான 7.62×39 தோட்டாவின் ராணுவ வடிவத்தில் நடுவே மென் உருக்குத் தண்டு, சுற்றிலும் மெல்லிய ஈயம், அதன் மேல் உறை. பச்சை முனைக்காரர் வேறு ஜாதி. பெல்ஜியத்தில் உருவாகி நேட்டோ நாடுகள் ஏற்ற எஸ்.எஸ்.109 குண்டின் அமெரிக்க வடிவம், பெயர் எம்855. நாலு கிராம் குண்டில் முக்கால் கிராமுக்கும் குறைவான உருக்கு முனை, அதன் பின்னால் ஈயம்.

ஆகவே காந்தம் ஒட்டினால் 'ஸ்டீல் கோர்' என்று நிச்சயமாகிவிடாது. வெறும் உறையாக இருக்கலாம். ஒட்டவில்லை என்றாலும் முழு நிம்மதி கிடையாது. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுகிற பொம்மைக் காந்தத்துக்கு உள்ளே இருக்கிற சின்ன உருக்கு முனை எட்டாமல் போகலாம். டங்ஸ்டன் வைத்த கவசத் துளைப்பான் குண்டை எந்தக் காந்தமும் நம்பும்படி காட்டிக்கொடுக்காது.

"அப்புறம் எதுக்கு அண்ணாச்சி காந்தம்?"

"வடிகட்டத்தான்வே. தீர்ப்பு சொல்றதுக்கு இல்ல."

எனக்குப் பழைய ஞாபகம் ஒன்று வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், தமிழ்நாட்டில் ஒரு சின்ன ஊர்க் கிளை. நாலு வளையல் அடகுக்கு வந்தது. மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரசினார், திராவகம் விட்டார், "சொக்கத் தங்கம் சார்" என்றார். கடன் கொடுத்தோம். ஆள் திரும்ப வரவில்லை. ஏலத்துக்குப் போனபோது வாங்க வந்தவர் அரத்தால் ஒரு கீறு போட்டார். உள்ளே செம்பு. மேலே கனமான தங்கப் பூச்சு. உரைகல் பொய் சொல்லவில்லை. அது தொட்டது மேல்பரப்பை, அதைத்தான் சொன்னது. உள்ளே என்ன என்று நாங்கள் கேட்கவில்லை. அன்றைக்கு எங்கள் மேனேஜர் சொன்னது: "கல்லு சொல்லுச்சுன்னு எழுத முடியாதுப்பா. கையெழுத்து உன்னோடது."

தோட்டாவுக்கும் இதே சட்டம்தான். பெட்டி சொன்னது, கடைக்காரன் சொன்னான், நண்பன் சொன்னான் எல்லாம் உரைகல். விசையை இழுக்கிற விரல் உன்னுடையது.

இனி, அன்று காரில் திரும்பும்போது பையன்களோடு நடந்த வாக்குவாதம். அவர்கள் சொன்னதும், அன்று தெரியாமல் இன்று நான் சொல்கிற பதிலும்.

1) "பச்சை முனை கவசத் துளைப்பான் இல்லை மாமா, அரசாங்கமே விலக்கு கொடுத்திருக்கு."

உண்மைதான். 1986ல் அமெரிக்காவில் கவசம் துளைக்கும் குண்டுகளுக்குச் சட்டம் வந்தபோது இதற்கு விலக்குக் கொடுத்தார்கள். 2015ல் அந்த விலக்கை எடுக்க யோசித்து, எதிர்ப்பு கிளம்பியதும் மார்ச் மாதமே கைவிட்டார்கள். 2014ல் 7என்6 என்ற ரஷ்யக் குண்டின் இறக்குமதியைத் தடுத்ததும் அதே சட்டத்தில்தான். ஆனால் அந்தச் சட்டம் கேட்ட கேள்வி என்ன? கைத்துப்பாக்கியில் போட்டுப் போலீஸ்காரரின் கவசத்தைத் துளைக்க முடியுமா என்பது. உன் பண்ணையில் தொங்கும் தகட்டுக்கு என்ன ஆகும் என்று எந்தச் சட்டமும் கேட்கவில்லை. விற்பனைக்கு அனுமதி உண்டு என்பதும், இந்த இடத்தில் சுடலாம் என்பதும் ஒன்றல்ல. வண்டிக்கு ஆர்.சி. புத்தகம் இருக்கிறது என்பதற்காக ஒருவழிப் பாதையில் எதிரே வர முடியுமா?

2) "ரேஞ்சுக்காரன் காந்தம் வைப்பதே, அவன் தோட்டாவை நம்ம தலையில் கட்டத்தான்."

இதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம், மறுக்கவில்லை. அவனுக்குப் பித்தளைக் கூடும் ஈயமும் தனியாகக் கிடைத்தால் பழைய சாமானாகக் காசு. இரும்பு கலந்தால் தொல்லை. தன் சரக்கு விற்றால் லாபம். ஆனால் அவன் நோக்கம் என்னவாக இருந்தாலும் இயற்பியல் மாறாது. உறையா, நடுவா என்று ஒவ்வொரு குண்டையும் அறுத்துப் பார்க்க அவனால் முடியாது. அதனால் ஒட்டினால் வேண்டாம் என்கிறான். நாங்களும் சந்தேகமான நோட்டைக் கவுன்ட்டரில் அப்படியே வாங்கிப் போட மாட்டோம். வாடிக்கையாளர் திட்டுவார்தான். வாங்கிக்கொள்வோம் (திட்டைச் சொன்னேன்).

3) "நிறமே சொல்லிடுமே மாமா."

எந்த நாட்டு நிறம்? அமெரிக்காவில் பச்சை ஒரு அர்த்தம், கருப்பு முனை கவசத் துளைப்பான். பழைய சோவியத் 7.62×54 தோட்டாவில் வெள்ளி நிற முனை என்றால் நடுவில் மென் உருக்கு. பழைய சரக்கில் பெயின்ட் உதிர்ந்திருக்கும். பல ராணுவக் குண்டுகளுக்கு நிறமே கிடையாது. நிறம் இருந்தால் தகவல். இல்லை என்றால் ஒன்றும் நிரூபணமாகாது.

4) "நூறு தடவை சுட்டிருக்கோம், ஒண்ணும் ஆகலை."

எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் சிவகாசி. அணைந்த வெடியைக் குனிந்து பார்க்காதே என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பூமி. நூறு முறை குனிந்து பார்த்தவனுக்கும் ஒன்றும் ஆகாமல் இருந்திருக்கும். நூற்றியோராவது முறைக்கு அது சாட்சி ஆகாது. எல்லாத் தவணையும் ஒழுங்காகக் கட்டிவந்த கடன்தான் ஒருநாள் வாராக்கடனாகிறது.

இன்னொரு விஷயமும் உண்டு: தீ. 2013ல் அமெரிக்க வனத்துறை ஒரு ஆய்வு வெளியிட்டது. ரைஃபிள் குண்டுகளை உருக்குத் தகட்டில் சுட்டுப் பார்த்தார்கள். உருக்கு நடுவோ உருக்கு உறையோ உள்ளவையும், முழுச் செம்புக் குண்டுகளும் மோதியபின் சிதறும் சூடான துணுக்குகளால் காய்ந்த சருகைப் பற்றவைக்கக்கூடும் என்று கண்டார்கள். அதற்கு முந்தின வருஷம், 2012 ஜூனில், யூட்டா மாநிலத்தில் இலக்குச் சுடுதலில் பற்றிய தீயால் ஆயிரக்கணக்கானோர் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. ஆகவே "உறைதானே இரும்பு, உள்ளே ஈயம்தானே" என்பதும் காய்ந்த புல்வெளியில் சமாதானம் ஆகாது. டெக்சாஸ் புல் எப்படிக் காயும் என்று அங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதெல்லாம் அமெரிக்க விவகாரம், நமக்கென்ன என்று கேட்பவர்களுக்கு: நம் நாட்டில் சாதாரண ஆள் இந்த ரகத் தோட்டாவை வைத்திருக்கவே முடியாது, அது உண்மை. ஆனால் அந்த வார்த்தை நமக்கும் புதிதல்ல. 2017 டிசம்பர் 31 அன்று காஷ்மீரின் லெத்போராவில் சி.ஆர்.பி.எஃப். முகாம் தாக்கப்பட்டு 5 வீரர்கள் இறந்தபோது, ஸ்டீல் கோர் குண்டுகள் கவசத்தைத் துளைத்ததாகச் செய்தி வந்தது. அங்கே இருந்தது இன்னும் கடினமான உருக்கு. அடுத்த வருஷமே குண்டு தாங்கும் கவச உடைக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஒரு தரக் குறியீடு வெளியிட்டது. குண்டின் நடுவே என்ன இருக்கிறது என்பது அங்கே உயிர்ப் பிரச்சினை. அதே கேள்வியைச் சனிக்கிழமை விளையாட்டில் கேட்க மாட்டேன் என்பது என்ன வீரம்?

துப்பாக்கியே தொடாதே என்று நான் சொல்ல வரவில்லை. அந்த ஊர்ச் சட்டம் அனுமதிக்கிறது, வளர்ந்த பிள்ளைகள், அவர்கள் பாடு. உருக்குத் தகட்டில்தான் சுடுவேன் என்றால் இவ்வளவாவது செய்யுங்கள்:

- வாங்கும்போதே குண்டின் நடுவில் என்ன என்று தயாரிப்பாளரின் விவரத்தைப் படியுங்கள். பழைய ராணுவச் சரக்கு, பிரித்துக் கொட்டிய சரக்கு, இரண்டும் உருக்குத் தகட்டுக்கு வேண்டாம்.
- வலுவான காந்தம் ஒன்று பையில் இருக்கட்டும். ஒவ்வொரு பெட்டியையும், கலந்த சரக்கென்றால் ஒவ்வொரு தோட்டாவையும், முனையில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது காகிதத்துக்கு. உருக்குக்கு இல்லை. (காகிதத்தில் சுடவும் அந்த இடத்தின் விதி அனுமதிக்க வேண்டும்.)
- உறையா, நடுவா என்று தெரிந்தே ஆக வேண்டுமா? அது தெரிந்த துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரின் வேலை. வீட்டு கராஜில் தோட்டாவை அறுக்கிற அசட்டுத்தனம் வேண்டாம்.
- தகட்டைப் பாருங்கள். குழி விழுந்ததா, வளைந்ததா, விரிசலா? கழற்றிக் கீழே வையுங்கள். அதன் விலை கண்ணின் விலையை விடக் குறைவு.
- 100 கெஜம் என்றால் 100 கெஜம். கண்ணாடி சுடுகிறவனுக்கு மட்டுமல்ல, பின்னால் நின்று படம் பிடிக்கிறவனுக்கும்.

கடைசியாக என் வயதுக்காரர்களுக்கு. அன்றைக்கு நான் கேள்வி கேட்டேன், பதில் திருப்தியாக இல்லை, ஆனாலும் சும்மா நின்றேன். ஏன்? விருந்தாளி. பையன்கள் சந்தோஷமாக இருந்தார்கள். 'பழைய பஞ்சாங்கம்' என்று சொல்லிவிடுவார்களோ என்ற கூச்சம். காகிதம் சரியில்லை என்றால் கிளையில் பத்தாயிரம் ரூபாய்க்குக்கூடக் கையெழுத்துப் போடாதவன், ஒரு பிள்ளையின் கண் விஷயத்தில் பார்த்துக்கொண்டு நின்றேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். எங்களுக்குக் கெடவில்லை. அது எங்கள் சாமர்த்தியம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் "சாப்பிட்டியா, குளிரா" என்று கேட்கிறோம் இல்லையா? மகன் ரேஞ்சுக்குப் போகிறவன் என்று தெரிந்தால் கூடவே இதையும் கேளுங்கள்: "காந்தம் வச்சுப் பாத்தியா?" சிரிப்பான். சிரிக்கட்டும்.

அக்கா மகன் போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தான். மேசை மேல் சின்னக் காந்தம், அதில் ஆணி மாதிரி ஒட்டிக்கொண்டு தொங்கும் ஒரு தோட்டா. கீழே எழுதியிருந்தான்: "மாமா, இந்தப் பெட்டி கேன்சல்." குழி விழுந்த அந்தத் தகட்டையும் கழற்றிவிட்டார்களாம்.

பின்குறிப்பு: ஊருக்கு வரும்போது "நினைவா இருக்கட்டும்" என்று ஒரு தோட்டாவைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வராதீர்கள் கண்ணுகளா. நம் விமான நிலையத்தில் அதற்குப் பெயர் நினைவுப் பொருள் இல்லை, ஆயுதச் சட்டம் 1959. ஜாமீனுக்கு மாமாவைக் கூப்பிட்டால் நான் வரமாட்டேன். (வருவேன். ஆனால் திட்டிக்கொண்டே வருவேன்.)